ஏழு மணி, இரண்டு முறை

பதுவை நகரில்
இரண்டு பழைய கோயில்களுக்கு நடுவே ஒரு பூங்கா.
பூங்கா என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்.
ஐந்து பெஞ்சு, சொட்டுகிற ஒரு குழாய்,
நாய்கள் முகர்ந்தே மொட்டையாக்கிய புல்.
ஒரு மாதுளை உண்டு,
காய்க்கும், பழுக்காது.

கிழக்கே நிற்பது எண்ணூறு வயதுக் கோயில்.
மேற்கே நிற்பது அதற்கு இளையது,
ஆனால் தொண்டை பெரியது.
கிழக்கில் ஏழு அடித்து
மூன்று நிமிடம் கழித்துத்தான் மேற்கில் ஏழு அடிக்கும்.
எத்தனை வருடமாக இப்படி என்று
பங்குத்தந்தைக்கே தெரியாது.

மாலை ஏழுக்குப் பூங்கா மூடப்படும்
என்கிறது நகராட்சிப் பலகை.
எந்த ஏழு என்று அது சொல்லவில்லை.

முதல் மணிக்கு
எர்மெதே சாவிக்கொத்தோடு வாசலுக்கு வருவார்.
இரண்டாம் மணிக்குத்தான் பூட்டுவார்.
இடையில் கிடக்கும் மூன்று நிமிடம்
யார் கணக்கிலும் வராது.

வராததால் அதில் என்னென்னவோ நடக்கும்.
கோயிலின் பின்சுவரில் பந்து உதைக்கும் பையன்கள்
அன்றைய கோல்களில் பாதியை அதில்தான் போடுவார்கள்.
நீவெஸ் தன் நாயை அவிழ்த்துவிடுவாள்,
சட்டம் தூங்கப் போய்விட்டதைப் போல.
வியாழன்தோறும் அரைநாள் விடுப்பில் வரும் ரொதிகா,
பக்கவாதம் வந்த ஒரு நோட்டரியைக்
குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்துச் சம்பாதிப்பவள்,
மல்தோவாவில் இருக்கும் மகளிடம்
‘சரி, வைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு
அதன்பிறகு பேசுவதெல்லாம்
அந்த மூன்று நிமிடத்தில்தான்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.
நான் கோபுரக் கடிகாரம் பழுதுபார்ப்பவன்.
மறைமாவட்ட அலுவலகம் கடிதம் போட்டது, வந்தேன்.
நூற்று முப்பத்தெட்டுப் படி;
எண்ணியது நானல்ல, என் முழங்கால்.

மேலே பார்த்தால் முள் சரியாகத்தான் ஓடுகிறது.
தாமதம் மணிக்கு மட்டும்.
சுத்தியலை விடுவிக்கும் பித்தளை நெம்பு
ஓரத்தில் நகக்கண் அளவு தேய்ந்திருந்தது.
அதன் இடுக்கில் உறைந்த மசகு,
மசகுக்குள் ஒரு புறாச் சிறகு.
துடைத்தேன், கழற்றினேன், புதியதைப் பொருத்தினேன்.
இருநூற்று நாற்பது யூரோ, வரி தனி.

கேட்டுவிட்டுப் போகலாம் என்று
பூங்காவில் வந்து உட்கார்ந்தேன்.
அன்று வியாழன்.

இரண்டும் சேர்ந்து அடித்தன.
பதினான்கு அடியும் ஏழாகக் கேட்டது.
என் தொழிலில் இதைவிட அழகான சத்தம் கிடையாது.
பக்கத்தில் யாராவது இருந்தால்
தோளைத் தட்டியிருப்பேன்.

பந்து உருண்டுபோய்க் குழாயடியில் நின்றது.
ரொதிகா போனைக் காதிலிருந்து எடுத்து
திரையைப் பார்த்தாள்.
கோபுரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.
எல்லோரும் எர்மெதேயைப் பார்த்தார்கள்.

எர்மெதே கையில் இருந்த சாவியைப் பார்த்தார்.
அதைக் கால்சட்டையின் வலது பையில் போட்டார்.
பிறகு இடது பையைத் தட்டினார்.
சட்டைப் பையைத் தட்டினார்.
தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.
‘எங்கே வைத்தேன்?’ என்றார்.
‘வலது…’ என்று ஆரம்பித்த யாக்கோப்போவின் காலை
இன்னொருவன் மிதித்தான்.

தொலைந்ததைத் தேடித் தரும் புனிதரின் ஊர் இது.
கடல் தாண்டி வந்து அவரிடம் மன்றாடுகிறார்கள்.
அன்று மாலை இந்தப் பூங்காவிலிருந்து
ஒரு மன்றாட்டும் போகவில்லை.

எனக்குப் பழக்கதோஷம், நேரம் பார்த்தேன்.
இரண்டு நிமிடம் ஐம்பது நொடி.
ரொதிகா போனைப் பைக்குள் வைத்து,
கண்ணைத் துடைக்காமலே எழுந்தாள்.
சாவி கிடைத்தது.

கடைசியாக வெளியே வந்தவன் நான்.
கதவைப் பிடித்துக்கொண்டு
‘துல்லியமான வேலை’ என்றார் எர்மெதே.
அது பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

தேய்ந்த பித்தளைத் துண்டை நான் எறியவில்லை.
அடுத்த பராமரிப்பு அக்டோபரில்.